தண்ணியில்லாக் காட்டில் எனக்கு நாலு பாத்தி

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தரை நடுங்க வைக்க ஒரே ஒரு வாக்கியம் போதும்: “தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்.” எந்தக் காடு என்று யாரும் விளக்குவதில்லை. ராமநாதபுரம் ஜில்லா என்று கேட்கிறவருக்கே தெரியும். லஞ்சம் வாங்கியவர்களும், மேலதிகாரியின் மைத்துனனைப் பகைத்துக்கொண்டவர்களும் போகிற இடம் அது. நான் இரண்டு குற்றமும் செய்யவில்லை. அப்படியிருந்தும் சீனச் சண்டை ஓய்ந்த கையோடு, ஒரு தை மாதத்தில், பூனாவிலிருந்து என்னை அங்கே அனுப்பிவைத்தார்கள்.

பூனாவில் ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் கிருமி வளர்ப்பது என் பிழைப்பு. மற்றப் பெண்கள் கறவை மாடு வளர்ப்பதுபோலத்தான். வேளாவேளைக்குத் தீனி வைக்க வேண்டும், குளிர் தாக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கறக்க வேண்டும். நான் வளர்த்தவை மண்ணில் வாழும் கிருமிகள். முதல் மழை பெய்ததும் மண்வாசனை என்று ஜனங்கள் உருகுகிறார்களே, அது பெரும்பாலும் இவை விடும் ஏப்பம். இவற்றுக்கு அண்டை வீட்டார் ஆகாது. பக்கத்தில் பூஞ்சணம் குடியேறினால் ஒரு சாரத்தைக் கக்கி அதை விரட்டிவிடும். அந்தச் சாரத்தை வடித்து, உலர்த்தி, மஞ்சள் பொடியாக்கி வைத்திருந்தோம். பயிரைத் தின்னும் பூஞ்சணத்தைக் கொல்லும். வெயில் பட்டால் சில நாளில் தானும் அழிந்துபோகும். மண்ணில் விஷமாக மிஞ்சாது. இவ்வளவும் கண்ணாடித் தட்டில் நிரூபணமானது. நிலத்தில் ஆகவில்லை.

“ஒரே ஒரு வயல் போதும்” என்றார் எங்கள் பெரியவர். ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் அவர். “மருந்து அடித்த பாதி, அடிக்காத பாதி. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இந்தக் கிருமியை மூட்டை கட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.” ராமநாதபுரத்துக் குண்டு மிளகாய்க்குப் பழ அழுகல் நோய் என்று எங்கோ படித்திருந்தார். அப்படியே கடலடிச் சேறும் அள்ளி வரச் சொன்னார். அதில் இன்னும் நல்ல கிருமி இருக்கலாமாம். ஆக, ஒரு டப்பா மஞ்சள் பொடியும் ஒரு பெட்டி காலிச் சீசாக்களுமாகப் புறப்பட்டேன்.

பரமக்குடி ஸ்டேஷனில் என்னை அழைத்துப்போக வந்திருந்தவர் சவரிமுத்து. பிளாக் ஆபீஸ் கிராம சேவக். இருபத்தைந்து வயது இருக்கும். பூனாவிலிருந்து டாக்டர் வருகிறார் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் கோட்டுப் போட்ட ஆளைத் தேடினார். ஒரு பட்டு வியாபாரியை மடக்கி, “சார், கிருமி கொண்டாந்திருக்கீகளா?” என்று கேட்க, அந்த மனிதர் பயந்து பையை மார்போடு அணைத்துக்கொண்டார். நான் போய் இடையில் விழுந்து காப்பாற்றினேன்.

சவரிமுத்து பாம்பன்காரர். கடலில் பிறந்து வளர்ந்த மனிதரைச் சர்க்கார் மிளகாய்க்கும் நெல்லுக்கும் ஆலோசனை சொல்ல வைத்திருந்தது. “மொளகாயப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. மீன் கொழம்புல போடுறது மட்டுந்தேன் தெரியும்” என்று வந்த உடனே ஒப்புக்கொண்டார். அந்த நிமிஷமே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் இட்லியும் மிளகாய்ப் பொடியும் வந்தன. தஞ்சாவூரில் நாங்கள் மிளகாய்ப் பொடி என்று சொல்வது செந்நிறமான ஒரு பருப்புப் பொடி. இங்கே பருப்புக்கு வேலையே இல்லை. முதல் கவளத்தில் காது அடைத்தது. இரண்டாவதில் மூக்கு ஒழுகியது. “எங்கூரு குண்டு வத்தலும்மா. அழுவாம எந்திரிச்சவக இல்ல” என்றார் சவரிமுத்து பெருமையாக. பூனாவில் எட்டு வருஷம் சர்க்கரை போட்ட பருப்பைத் தின்று என் நாக்கு கெட்டுப்போயிருந்தது. கண்ணீரோடு இன்னும் இரண்டு இட்லி கேட்டேன்.

மறுநாள் உத்தரகோசமங்கைக்குப் போனோம். பஸ் பாதியில் நின்றது. டிரைவர் இறங்கி அதைச் சுற்றி வந்து, ஒரு உதை கொடுத்துவிட்டு, பீடி பற்ற வைத்தார். அதற்குமேல் அவரிடம் வைத்தியம் இல்லை. சவரிமுத்து பஸ் மேலிருந்து தம் சைக்கிளை இறக்கினார். பின்னால் நான்; என் மடியில் பிளாக் ஆபீஸின் பித்தளைத் தெளிப்பான்; அதற்குமேல் பொடி டப்பா. கண்மாய்க்கரை திருப்பத்தில் ஒரு எருமை வழிவிட மறுத்ததால் நானும் சவரிமுத்துவும் தெளிப்பானும் சேற்றுக்குள் இறங்கினோம், சைக்கிளையும் சேர்த்தால் நாலு பேர். நான் விழுந்த இடத்திலேயே ஒரு சீசா நிரப்பிக்கொண்டேன். முதல் மாதிரி கிடைத்துவிட்டது.

கண்மாயில் முழங்கால் தண்ணீர் இருந்தது. மடையருகே ஒருவர் மண்வெட்டியோடு நின்று, ஒவ்வொரு வயலுக்கும் வாய்க்காலைத் திறப்பதும் அடைப்பதுமாக இருந்தார். நீர்பாய்ச்சி என்று சவரிமுத்து சொன்னார். ஊர் முழுவதற்கும் முறை வைத்துத் தண்ணீர் பங்கிடுகிறவர். தண்ணீர் குறைந்தால் எல்லாருடைய முறையையும் சமமாகக் குறைப்பாராம். எந்த வயலையும் விட்டுவிடுவதில்லையாம். “அரைப் பாய்ச்சல் கால் பாய்ச்சலாகும். ஆனா ஒரு பாத்தியக் காயவிட்டு இன்னொரு பாத்திக்குப் பாய்ச்சுனா இங்கன வெட்டுக்குத்துதேன்” என்றார் நீர்பாய்ச்சி. எங்கள் ஊரில் காவிரி கரைபுரண்டு ஓடும்போதே அண்ணன் தம்பி வாய்க்காலுக்காகக் கோர்ட்டுக்குப் போவார்கள் என்று சொன்னேன். “அம்புட்டுத் தண்ணி இருந்தா நாங்களும் போவோம்” என்றார் அவர்.

வயல் கருப்பையாவுடையது. ஆனால் பேச்சு முழுவதும் அவர் மனைவி முத்திருளாயியுடையது. கருப்பையா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பக்கத்தில் நின்றார். முத்திருளாயி என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தாள். சேலையெல்லாம் சேறு.

“இவுகதேன் டாக்டரா? வூட்டுக்காரரு வரலையா?”

“இல்லம்மா. எனக்குக் கல்யாணம் ஆகலை.”

“ஏன்த்தா?”

“கிருமி வளர்க்கிறவளை யார் கட்டிப்பா?”

அவள் யோசித்தாள். “ஆடு மேய்க்கிறவளையும் கட்டத்தேன் செய்யிறாக” என்று ஆறுதல் சொன்னாள்.

செடிகள் இடுப்பளவு நின்றன. உருண்டை உருண்டையாகப் பழம் சிவந்துகொண்டிருந்தது. நோயும் வந்திருந்தது. ஒரு பழத்தில் குழிந்த வட்டக் கறை, நடுவில் கரும்புள்ளி. அடுத்ததில் கறை பரவி, பழமே வைக்கோல் நிறத்தில் வெளுத்திருந்தது. பத்துப் பழத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டேன். இந்தப் பனி நீடித்தால் பத்துக்கு எட்டாகும்.

“போன வருசமும் இப்பிடித்தேன் அழுகுச்சு. அதுக்கு முந்துன வருசம் துத்தம் அடிச்சோம். மயில்துத்தம். செடிய மேஞ்ச வெள்ளாடு ரெண்டும் வாயில நொரை தள்ளிச் செத்துப்போச்சு” என்றாள் முத்திருளாயி. “இந்த வருசமும் போச்சுன்னா வேரோட புடுங்கி எறிஞ்சுட்டு உப்பளத்துக்குத்தேன் கெளம்பணும். இவருக்கு ஏற்கெனவே கால்ல புண்ணு. உப்புல நின்னா ஆறவா போகுது?”

கருப்பையா தம் காலைப் பார்த்துக்கொண்டார்.

ஆடு சாகாது என்று நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகைப் பொடியை நாக்கில் வைத்துக்கொண்டேன். ஆராய்ச்சிக்கூடத்தில் இதைச் செய்தால் வேலை போய்விடும். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. கருப்பையா மட்டும் சாயங்காலம் வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், நுரை வருகிறதா என்று.

வயலில் பதினாறு பாத்திகள். எட்டுக்குச் சிவப்புத் துணி கட்டிய குச்சி நட்டேன். மருந்து இவற்றுக்கு மட்டும். மற்ற எட்டும் சும்மா. இதைச் சொன்னதும் முத்திருளாயியின் முகம் மாறியது.

“அந்த எட்டு பாத்தி என்ன பாவம் செஞ்சுச்சு?”

“ஒண்ணும் பண்ணலை. மருந்து அடிச்சதையும் அடிக்காததையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாதான் மருந்து கேட்டுதான்னு தெரியும்.”

“பயிரு பொழைச்சா மருந்து கேட்டுருச்சுன்னு தெரியப்போகுது.”

“தானாவே பிழைச்சிருந்தா?”

“தானாப் பொழைச்சா இன்னும் நல்லதுதானே, தாயி?”

பூனாவில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பெரியவர் சொன்னதை, மூட்டை கட்டும் விஷயம் உட்பட, அப்படியே சொன்னேன். இந்தப் பரீட்சை தேறினால்தான் மருந்தைப் பெரிய அளவில் செய்வார்கள், தேறாவிட்டால் உனக்கும் கிடையாது, யாருக்கும் கிடையாது என்று கொஞ்சம் மிரட்டவும் செய்தேன். அவள் வயலைப் பார்த்தபடி, “சரித்தா” என்றாள். வெயில் சாய்ந்ததும் எட்டுப் பாத்திக்கும் தெளித்தோம். ஒரு வாரம் கழித்து மறுபடி தெளிக்க வேண்டிய பொடியையும் தெளிப்பானையும் அவளிடமே விட்டேன். சிவப்புத் துணிக்கு மட்டும் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் “சரித்தா” என்றாள்.

அதன்பிறகு பாம்பன். சவரிமுத்துவின் அக்கா பிலோமினா வீட்டில் எனக்கு ஜாகை. கதவைத் திறந்தால் கடல். மூடினால் கருவாட்டு வாசனை. நான் ஆற்று மீன் தின்று வளர்ந்தவள். கெண்டையும் விராலும்தான் மீன் என்று எண்ணியிருந்தேன். பிலோமினா முதல்நாளே சூடை மீன் குழம்பு வைத்து, வெஞ்சனத்துக்குக் கணவாய் வறுத்து, என் எதிரில் உட்கார்ந்துகொண்டாள். “ஆத்து மீனா? அது சேத்து வாடைல்ல அடிக்கும்” என்று ஒரே வாக்கியத்தில் காவிரியைக் கவிழ்த்தாள். சோழ நாட்டின் மானம் கருதி எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும். வாய் நிறையக் கணவாய் இருந்தது.

அவள் புருஷன் சந்தியாகு என்னை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார். வாடைக்காற்று அடித்தது. பாலத்தைத் தாண்டுவதற்குள் நான் காலையில் தின்றதையெல்லாம் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு வெகு மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார். ஒரு கயிற்றில் தகர டப்பாவைக் கட்டி அடியில் இறக்கி, கறுப்புச் சேறு எடுத்துக் கொடுத்தார். அழுகின முட்டை வாசனை. நான் சந்தோஷமாக முகர்ந்து பார்த்துச் சீசாவில் அடைத்ததைக் கண்டு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கரை முழுவதும் பேச்சு கிளம்பியது. சர்க்கார் முத்துக்குளிக்கத் திட்டம் போடுகிறது என்றார்கள் சிலர். சேற்றில் மண்ணெண்ணெய் இருக்கிறது என்றார்கள் சிலர். பிலோமினா நேராகவே கேட்டாள்.

“இந்தச் சேத்துக்குள்ள ஒரு கிருமி இருக்கு. அது இன்னொரு கிருமியைக் கொல்லும். அதை வச்சு மிளகாயைக் காப்பாத்தலாம்” என்றேன்.

“கிருமிய வச்சே கிருமிய அடிக்கிறதா?”

“ஆமா.”

“இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக? எங்க தெருவுல தெனமும் நடக்குதே, மாதாவே!” என்று சிரித்தாள். அடுத்த வீட்டுக்காரிக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

தங்கச்சிமடத்துப் பனங்காட்டில் மண், மண்டபத்துக் கரையில் பாசி, ராமேஸ்வரத்தில் அக்கினி தீர்த்தத்துக் கரைச் சேறு என்று சீசாக்கள் நிரம்பின. ராத்திரி படுக்கும்போது மட்டும் மிளகாய் ஞாபகம் வரும். சிவப்புத் துணிப் பாத்திகள் பச்சையாகவும், மற்ற எட்டும் வெளுத்துப்போயும் மனசில் தெரியும். அப்படியே இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்வேன். பாதி வயல் அழுக வேண்டும் என்பதும் அந்த வேண்டுதலில் சேர்த்தி என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

திரும்புகிற ரயிலில் கால் வைக்க இடமில்லை. ராமேஸ்வரம் போய்விட்டு வடக்கே போகிற யாத்ரீகர்கள். என் எதிரில் ஒரு மராட்டியத் தம்பதி. நான் மடியில் சீசாப் பெட்டியை வைத்திருந்ததைப் பார்த்து அந்த அம்மாள் தம் கணவரிடம் மராட்டியில் சொன்னாள்: “பாருங்கள், இந்தச் சின்ன வயதில் எவ்வளவு பக்தி! ராமேஸ்வரத்து மணலைக் காசிக்கு எடுத்துப்போகிறாள், கங்கையில் கரைக்க.” அவர்களும் ஒரு சின்னச் செம்பில் மணல் வைத்திருந்தார்கள். அவர் சொன்னார்: “நாம் ஒரு செம்பு, அவள் ஒரு பெட்டி. முன்னோர்கள் நிறையப் பேர் போலிருக்கிறது.”

எனக்கு மராட்டி தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம். அதற்குள் அந்த அம்மாள் கைநீட்டி ஒரு சீசாவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட்டாள். பாம்பன் பாலத்தடிச் சேறு அது. தக்கை லேசாக நழுவியது. ரயில் பெட்டி முழுவதும் அழுகின முட்டை வாசனை. கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, “சமுத்திர ராஜனின் வாசனை” என்றார் பயபக்தியோடு. அதற்குப் பிறகு யாரும் என் பக்கம் நெருக்கவில்லை. ராமநாதபுரம் வரை காலை நீட்டி உட்கார்ந்து வந்தேன்.

உத்தரகோசமங்கைக்கு இந்தத் தடவை மாட்டுவண்டி. வயலுக்கு முன்னால் கருப்பையாவின் பங்காளி ஒருவருடைய மிளகாய்க்கொல்லை. வயலுக்குள் கிருமியை விட மாட்டேன் என்று முதல் நாளே எங்களைத் துரத்தியவர். அவருடைய செடிகளில் வைக்கோல் நிறப் பழம்தான் தொங்கியது. பனி தன் வேலையைச் செய்துவிட்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். நோய் வந்திருக்கிறது! வண்டியிலிருந்து குதித்து ஓடினேன்.

சிவப்புத் துணிப் பாத்திகள் சிவப்பாகக் காய்த்திருந்தன. அங்கொன்று இங்கொன்று கறை, அவ்வளவுதான். துள்ளிக்கொண்டு அடுத்த எட்டுக்குப் போனேன். அவையும் சிவப்பாகக் காய்த்திருந்தன.

வரப்பில் நடந்து இரண்டு தடவை பார்த்தேன். குச்சி மாறிவிட்டதோ என்று எண்ணிப் பார்த்தேன். மாறவில்லை. பதினாறும் ஒன்றுபோல நின்றன. பக்கத்து வயல் முழுவதும் சொத்தை.

“முத்திருளாயி, சும்மா விடச் சொன்ன பாத்திக்கு என்ன பண்ணினே?”

அவள் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. முதல் தடவையாகக் கருப்பையா வாயைத் திறந்தார். “நாந்தேன் தண்ணி ஊத்துனேன்.”

“என்ன தண்ணி?”

“மருந்துல” என்றாள் முத்திருளாயி. “எட்டுப் பாத்தி மருந்த பதினாறுக்கும் வரும்படி தண்ணி கூட ஊத்திக் கலக்குனோம். விட்டுப்போன பாத்திகளுக்கு மொதல்ல அடிச்சோம். போன தடவ அதுகளுக்குக் கெடைக்கலைல்ல? டப்பாவக் கழுவி அந்தத் தண்ணியையும் கடைசிப் பாத்திக்கு ஊத்திட்டோம்.”

நீர்பாய்ச்சி மண்வெட்டியோடு நின்ற காட்சி எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முறையைக் குறை, பாத்தியைக் காய விடாதே. நான் பொடி என்று நினைத்துக் கொடுத்தேன். தண்ணீரில் கரைந்த உடனே அது இந்த ஊர்ச் சட்டத்துக்கு உட்பட்டுவிட்டது.

நன்றாகக் கத்தினேன். இத்தனை நாள் உழைப்பும் பாழ், பெரியவர் முகத்தில் எப்படி விழிப்பேன், மூன்று தடவை சொன்னேனே என்று ஆரம்பித்து, சைக்கிளிலிருந்து விழுந்தது, வள்ளத்தில் வாந்தி எடுத்தது வரை எல்லாவற்றையும் அவள் தலையில் போட்டேன். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

“ஒரு பந்தில ஒக்காத்தி வச்சுட்டு எட்டு எலைக்குப் பரிமாறி எட்டு எலைய வெறுமன விட முடியுமாத்தா? எனக்கு ஒப்பல. ராத்திரி ஒறக்கம் வரல” என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “பயிரு பொழைச்சுருச்சே. ஒங்களுக்குச் சந்தோசம் இல்லையா?” என்று கேட்டாள்.

சந்தோஷம் இருந்தது. அதுதான் ஆத்திரமாக வந்தது. உப்பளத்துக்குப் போக வேண்டிய இரண்டு பேர் கூடை நிறையப் பழத்தோடு என் எதிரில் நிற்கிறார்கள். என் கிருமிகள் கக்கிய சாரம், பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றியும், ஒரு வயலைக் காப்பாற்றியிருக்கிறது. உலகத்தில் இதை நிரூபிக்க முடியாத ஒரே ஆள் நான். பக்கத்து வயலைக் காட்டினால் பெரியவர், “அது வேறு ஆள், வேறு விதை” என்பார். சொல்லத்தான் சொன்னார், பின்னால்.

கிளம்புவதற்கு முன் பேரம் பேசினேன். அடுத்த வருஷம் மறுபடி வருகிறேன், நாலே நாலு பாத்தி மட்டும் சும்மா விடு என்றேன். முடியாது என்றாள். கெஞ்சினேன். சவரிமுத்துவும் கெஞ்சினார். கடைசியில் கருப்பையா வெற்றிலையைத் துப்பிவிட்டு அவள் காதில் ஏதோ சொன்னார்.

“சரி, ஒண்ணு செய்வோம்” என்றாள் முத்திருளாயி. “அந்த நாலு பாத்தி எங்களுது இல்ல. ஒங்களுது. நான் வெதைக்கிறேன், களை எடுக்குறேன், தண்ணி முறை விடுறேன். மருந்து வேணும்னா நீங்க சொல்லணும். வேணாம்னா வேணாம். ஒங்க பாத்தி, ஒங்க இஷ்டம். அழுகுனா ஒங்களுது அழுகட்டும்.”

சந்தோஷமாகச் சம்மதித்தேன். அழுகத்தானே வேண்டும்!

பெரியவர் ஒருவழியாக இன்னொரு வருஷம் தவணை கொடுத்தார். மறு தையில் மறுபடி அதே பஸ், அதே உதை. முதல் தெளிப்பை நானே செய்தேன். இரண்டாவதை அவர்கள் செய்தார்கள். இடையில் பாம்பன் போய்ப் பிலோமினாவின் கணவாயை ஒரு கை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

பன்னிரண்டு பாத்தி செக்கச்செவேல் என்று இருந்தது. நாலு பாத்தி வைக்கோல் நிறத்தில் தொங்கியது. குழந்தைகூட வித்தியாசம் சொல்லும். பெரியவர் கனவிலும் இவ்வளவு தெளிவாகக் கண்டிருக்க மாட்டார். ஆராய்ச்சி அமோக வெற்றி. போன வருஷம் எங்களைத் துரத்திய பங்காளி வரப்பில் நின்று, மருந்து எங்கே கிடைக்கும் என்று சவரிமுத்துவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் என் பாத்திக்குள் இறங்கினேன். ஒரு களை இல்லை. மண் ஈரமாக இருந்தது. மற்றப் பாத்திகளைவிட இவற்றை நன்றாகக் கொத்திவிட்டிருந்தாள். விதைத்து, களை எடுத்து, தண்ணீர் விட்டு வளர்த்த செடி. நான் ஒரு வார்த்தை சொல்லாததால் அழுகிற்று. ஒரு பழத்தைத் தொட்டேன். கையோடு வந்தது. போன வருஷம் இவள் வயலில் எட்டுப் பாத்தியை இப்படி ஆக்கவில்லை என்றுதான் அத்தனை கத்துக் கத்தினேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

“டப்பா கழுவின தண்ணியையாவது இதுக்கு ஊத்தியிருக்கக் கூடாதா, முத்திருளாயி?”

“ஊத்தத்தேன் போனேன். இவருதேன் ‘அது டாக்டரம்மா பாத்தி, கைய வைக்காத’ன்னுட்டாரு” என்றாள் அவள், புருஷனை முறைத்துக்கொண்டே. கருப்பையா வேறு பக்கம் பார்த்தார்.

சொத்தைப் பழங்களைச் சீசாவில் போட்டு மூடிக்கொண்டு, வண்டி ஏறப் போனேன். முத்திருளாயி நிறுத்தினாள். களத்தில் முதல் பறிப்பு காய்ந்து வற்றலாகிக் குவிந்திருந்தது. அவள் மரக்கால் எடுத்துவந்து பங்கு பிரிக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு பாத்தியின் வற்றல், பதினாறு குவியல். நாலு குவியலை ஒரு சாக்கில் அள்ளி வண்டியில் ஏற்றச் சொன்னாள்.

“என் பாத்தி அழுகிப்போச்சேம்மா. எனக்கு ஏது பங்கு?”

“ஒங்க பாத்தி காஞ்சா ஒங்கள விட்டுட்டு நாங்க திம்பமா? நல்லாருக்கே! ஏறுங்கத்தா, பஸ்சு போயிரும்.”

பூனாவில் அறிக்கை எழுதினேன். மருந்து அடிக்காத நாலு பாத்தியின் விளைச்சல் என்ற இடத்தில் ‘ஏதுமில்லை’ என்று போட்டேன். பெரியவர் அந்த வரியைத் தட்டிக் காட்டி என் கையைக் குலுக்கினார். அந்த ஏதுமில்லையைத்தான் வரமிளகாய்த் துவையலும் குழம்புமாக ஆடி மாதம் வரை அரைத்துத் தின்றேன்.